வாசமில்லாத பாஸ்தா

கோவிட் அவசரகாலத்திலும் நம் இணையச் சமையல் குழுவில் தினம் ஒரு நாட்டுச் சமையல். இன்று இத்தாலி. புக்கிட் காத்தில் ஊரில் எங்கள் வீட்டில் நானும் பூண்டு வதக்கிப் பாஸ்தா செய்தேன்.

தட்டைப் பார்த்த கணவர் சொன்னார்: "என்னம்மா இது, வாசமே இல்ல?"

எனக்குச் சந்தேகம் தட்டியது. தினமும் பசார் சந்தையில் வேலை செய்பவர். கோவிட் வந்தால் முதலில் மூக்கு போய்விடுமாமே. வீட்டில் எட்டு மாதப் பிள்ளை வேறு.

சோதித்துப் பார்க்க, சொல்லாமல் ஒரு துண்டு பெலாச்சானை, அந்த நாற்றம்பிடித்த இறால் விழுதை, சட்டியில் சுட்டேன்.

"ஐயோ, நாறுது! ஜன்னலத் தொற லா!" என்று கத்தினார்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் குரல் கொடுத்தார்: "மிளகாய்ச் சம்பாலா? எனக்கும் கொஞ்சம் வைம்மா!"

உயிர் வந்தது; அவர் தேடியது மசாலா வாசம்தான். பிறகுதான் உறைத்தது. சட்டியருகே நின்ற எனக்கு எதுவுமே நாறவில்லை.

காலையில் கோவிட் சோதனைக்குக் கிளினிக் போகிறேன். நாளை கொரியச் சமையலும் அவர் கையில், பிள்ளையும் அவர் கையில். எதற்கு அதிகம் பயப்படட்டும், சொல்லுங்கள்.