தண்டவாளத்தில் நின்ற எருமை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறேன். முதலாளி வீட்டில், அவர் தம்பி பிரான்சிலிருந்து கொண்டுவந்த பழைய தகர ரயில் ஒன்று உண்டு. சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும். ஒரு வருடம் கொலுப்படிக்குக் கீழே அதற்கு ஓர் ஊர் செய்யச் சொன்னார் முதலாளியம்மா. தீப்பெட்டி அட்டையில் ஸ்டேஷன் கட்டினேன். காய்ந்த பீர்க்கங்காய் நாருக்குப் பச்சைச் சாயம் ஏற்றி மரமாக்கினேன். வயலுக்காகத் தண்டவாளத்தின் இருபுறமும் கேழ்வரகை முளைக்கவிட்டேன்.

முளை வளரும் என்பதை யோசிக்கவில்லை. விருந்தாளிகள் நிறைந்திருந்த மாலையில், சாய்ந்த பயிரில் சிக்கி ரயில் நின்றுவிட்டது.

"ஸ்பிரிங் போயிடுச்சா?" முதலாளியம்மாவின் முகம் வாடியது. நான் கதவோரம் ஒதுங்கி நின்றிருந்தேன்.

பாகூரிலிருந்து வந்திருந்த, எனக்கு முன்பின் தெரியாத ஓர் அம்மா கொலுவிலிருந்த மண் எருமையை எடுத்து இன்ஜினுக்கு முன்னால் வைத்தார்.

"எரும குறுக்க நிக்குது, ரயிலு இன்னா பண்ணும்? இந்த ஊர்ல ஓட்டிவுட ஆளில்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"தோ வரேம்மா" என்றேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. கத்தரியால் பயிரை நறுக்கினேன். "ஹேய், போ" என்று எருமையை ஓட்டினேன். ரயில் ஓடியது.

இப்போதெல்லாம் கொலுவில் அந்த எருமையை நானே தண்டவாளத்தில் நிறுத்துகிறேன். கதவோரம் ஒதுங்கி நிற்பவர் யாரென்று பார்த்து, "நீங்க வந்து ஓட்டுங்க" என்கிறேன்.

இதை எழுதி முடித்தது 1984, விஜயதசமி அன்று.