ஆர்ச்சிக்கு இரண்டு மரண அறிவித்தல்கள்

பெப்ரவரி பதினொன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத பாரிஸ் தூறல். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் குகனின் அச்சகக் கண்ணாடியில் அன்று ஐந்து மரண அறிவித்தல்கள் ஒட்டியிருந்தன. நான்கு நம்மவர்களுடையவை. ஐந்தாவதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வண்ணப் படம். அதே கிழவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி அதன் முன்னால் நின்று தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குகன் கடைக்குள்ளிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "அண்ணை, இந்தாள் உயிரோடை நிக்குது!"

"நான் எப்ப செத்தவர் எண்டு சொன்னனான்? ஒரேயொரு பிரதி அடிச்சு என்ரை கையிலை தா எண்டுதானே அனுப்பினன்?"

"உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஆரண்ணை அறிவித்தல் அடிக்கிறது? அதிலை திகதியும் இல்லை. அவசரத்திலை விட்டிட்டியள் எண்டு நானே முந்தநாளைப் போட்டன். இணையத்திலையும் ஏத்தியாச்சு."

அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. இந்தத் தெருவில் அறிவித்தலின் வாசகத்தைக் கொடுத்தால் அடுத்த மணித்தியாலத்தில் அது கண்ணாடியில் இருக்கும், அதற்கடுத்த மணித்தியாலத்தில் செவ்ரான் புறநகரில் ஒருவர் அதைத் தன் கைபேசியில் பார்த்துக் கவலைப்படுவார். பதினாறு வருடமாக நான்தான் குகனுக்கு அந்த வாசகங்களை எழுதிக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணத்தில் கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன், இங்கே இருபத்தேழு வருடம் உணவகங்களில் தட்டுக் கழுவியவன், இப்போது ஓய்வூதியக்காரன். பிழையில்லாமல் எழுதுவேன் என்ற ஒரே காரணத்துக்காக நான் இருக்கும் லா கூர்னெவ்விலிருந்து ஆர்.இ.ஆர். புறநகர் ரயிலேறி, முழங்கால் நோவோடு கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்து வருகிறேன்.

ஆர்ச்சி என்பது அவர் பெயர். கடைக்காரர்கள் எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதன் பொருள் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஸ்கொட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவில், ஸ்ரோர்னவே என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். மீன் வெட்டும் தளத்தில் வேலை செய்தவர், ஊரூராகப் போகும் ஒரு நாடகக் குழுவோடு கிளம்பிவிட்டார். பிறகு தொலைக்காட்சித் தொடர்களில் பொலிஸ்காரனாகச் சில வருடம் நின்றார். நின்றார் என்பது அவர் சொல்லும் வார்த்தை. பேசவில்லையாம், கதவருகே நின்றாராம். முப்பத்தைந்து வயதில் ஒரு பிரெஞ்சு யுத்தப் படத்தில் பாலத்தில் சுடப்பட்டுச் சாகும் ஆங்கிலேய அதிகாரியாக நடிக்க ஒன்பது நாள் ஒப்பந்தத்தில் பாரிஸ் வந்தார். நாற்பத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இரண்டு வருடம் உழைத்துவிட்டுத் திரும்புவேன் என்று வந்தவன் நான். அதனால் அந்த ஒன்பது நாள் கதையை நான் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் பழக்கம் அந்தக் கண்ணாடியின் முன்னால்தான் ஆரம்பமானது. அவர் பக்கத்துத் தெருவில், ரயில் தண்டவாளங்களைப் பார்த்த ஓர் ஐந்தாம் மாடி அறையில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் இருந்தார். நாள்தோறும் தேநீர் குடிக்க வரும் வழியில் அறிவித்தல்களைப் பார்த்து நிற்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, "இவர்கள் யார்? தேர்தலில் நிற்பவர்களா?" என்று கேட்டார். இறந்தவர்கள் என்றேன். தொப்பியைக் கழற்றினார். அன்றிலிருந்து நான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார். இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்காது, என்னுடையது அவருக்கு விளங்காது. ஆகவே இரண்டு கிழவர்களும் உடைந்த பிரெஞ்சில் பேசிக்கொண்டோம். முதல் நாள் அவரை இங்கிலாந்துக்காரர் என்று சொல்லிவிட்டேன். தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் வந்து, "நீங்கள் இந்தியர்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இப்போது சரி," என்று சொல்லி உட்கார்ந்தார்.

அவர் அறுபத்து மூன்று படங்களில் நடித்தவர். ஆங்கிலேயர், ரஷ்யர், ஜேர்மானியர், ஒருமுறை போப்பாண்டவரின் சமையற்காரர். ஸ்கொட்லாந்துக்காரராக ஒரேயொரு முறை நடித்தார். அந்த இயக்குநருக்கு அவருடைய உச்சரிப்பு போதிய அளவு ஸ்கொட்லாந்தாக இல்லையாம். லியோனைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரரை வைத்துக் குரல் கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அகதி விண்ணப்ப விசாரணையில் என் கதையை எனக்குப் பதிலாகச் சொன்ன மொழிபெயர்ப்பாளரின் குரல்தான் நினைவுக்கு வரும்.

அவர் அறையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் அவருடைய படங்களைப் போட்டுக் காட்டுவார். இருபத்தெட்டுப் பார்த்தேன். இருபத்தொன்றில் இறந்தார். அதுதான் அவருடைய தொழில் என்று பிறகு புரிந்தது. பிணமாகக் கிடக்கும் நடிகர்களுக்கு இமை துடித்துவிடும், மார்பு ஏறி இறங்கிவிடும். ஆர்ச்சி கண்ணைத் திறந்தபடியே இறப்பார். சிறுவயதில் துறைமுகத்து உப்புக்காற்றில் யார் கூடுதல் நேரம் கண் சிமிட்டாமல் நிற்பது என்று போட்டி வைப்பார்களாம், அந்தப் பழக்கம். மழையில் ஒருமுறை, சேற்றில் ஒருமுறை, குதிரை பக்கத்தில் மிதித்துப் போகும்போது ஒருமுறை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணியதில் அதிகபட்சம் நாற்பத்தெட்டு விநாடி. "பாரிஸில் இதற்கு என்னை விட்டால் ஆளில்லை," என்றார். அப்படியான ஆளின் பெயர் எந்தப் படத்தின் சுவரொட்டியிலும் வந்ததில்லை. அதனால்தான் குகனின் கண்ணாடி அவரை அவ்வளவு பாதித்தது. பண்டகசாலையில் பெட்டி தூக்கிய ஒருவருக்கு முழுப்பக்கம், வண்ணப் படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மூன்று தலைமுறையின் பெயர்கள்.

"எனக்கும் ஒன்று எழுது. நான் பார்க்கக்கூடிய நேரத்தில்."

நான் மறுத்தேன். என் மனைவி இன்னும் கடுமையாக மறுத்தாள். "உங்களுக்கு வேறை வேலையில்லை. செத்த ஆக்கள் முடிஞ்சு இப்ப உயிரோடை இருக்கிற ஆக்களுக்கும் தொடங்கிட்டியள்." ஆனாலும் எழுதினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் மத்தியானம் வானொலியில் மரண அறிவித்தல் போகும். சோற்றுக் கையோடு நிறுத்திவிட்டுக் கேட்போம், தெரிந்த பெயர் வந்தால் கையைக் கழுவிவிட்டுக் கிளம்புவோம். இங்கே வந்த பிறகு, யுத்த காலத்தில், என் அம்மா இறந்த செய்தி கடிதமாக வந்து சேர இருபத்து மூன்று நாள் ஆனது. அந்த இருபத்து மூன்று நாளும் நான் தட்டுக் கழுவினேன், ஒரு கல்யாணத்துக்குப் போனேன், பகிடி விட்டுச் சிரித்தேன். அன்றிலிருந்து யாருடைய சாவும் உரியவர்களுக்கு நேரத்தோடு தெரிய வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம்.

எழுத உட்கார்ந்தபோது உறவினர் வரி வந்தது. அன்னார் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை. நம்மிடையே ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஆர்ச்சியோ பெற்றோரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார். பிள்ளைகள் இல்லையா என்று மூன்று முறை கேட்டேன். ஒரு மகள், பெயர் மோராக். அவர் ஒன்பது நாளுக்கென்று கிளம்பியபோது அவளுக்கு ஆறு வயது. இப்போது ஐம்பது. தாய் இறந்துவிட்டாள். மகள் எங்கே என்று தெரியாது. நான் 'மோராக்கின் பாசமிகு தந்தையும்' என்று எழுதி வாசித்துப் பொருள் சொன்னேன்.

"அந்தப் பாசமிகு என்பதை எடு. பொய்."

"அது எடுக்க முடியாது. குகனின் கணினியில் தந்தைக்கு முன்னால் அது ஏற்கெனவே இருக்கிறது. எல்லாத் தந்தைக்கும் அதுதான்."

அந்தத் தாள்தான் அன்று கண்ணாடியில் இருந்தது. கிழித்துவிடு என்று குகனிடம் சொன்னேன். ஆர்ச்சி தடுத்தார். தன் பெயர் எது என்று கேட்டு எழுத்தெழுத்தாக விரலால் தொட்டார். அப்போது பை நிறையக் கீரையும் முருங்கைக்காயுமாக வந்த ஒரு பெண் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஐயோ பாவம், கூடப்பிறந்த தம்பி போலை. ஒரே அச்சு," என்று அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆர்ச்சி தலையைக் குனிந்து, "மெர்சி, மதாம்," என்றார். அவ்வளவு துயரமாக அவர் எந்தப் படத்திலும் நடித்ததில்லை.

அறிவித்தலின் அடியில் தொடர்புக்கு என்று குகன் என் இலக்கத்தைப் போட்டிருந்தான். அன்று பன்னிரண்டு அழைப்புகள். பதினொன்று தமிழர்கள், தகனம் எங்கே, எத்தனை மணிக்கு என்று. பன்னிரண்டாவது பிற்பகல் நான்கு மணிக்கு, பிரித்தானிய இலக்கம். ஸ்ரோர்னவே வைத்தியசாலையில் ஒரு தமிழ் டொக்டர் வேலை செய்கிறார். தான் இருக்கும் ஊர் ஒரு தமிழ் அறிவித்தலில் பிறப்பிடமாக வந்ததைக் கைபேசியில் பார்த்து அதிசயப்பட்டு, இவரை யாருக்காவது தெரியுமா என்று தாதிமாரிடம் காட்டியிருக்கிறார். அவர்களில் ஒருத்தி மோராக். அழைத்தது அவள்தான்.

நோயாளிகளிடம் பேசிப் பழகியவள், நிதானமாகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. பிழை நடந்துவிட்டது, அவர் பார்க்கவென்று ஒரேயொரு பிரதி அடிக்கச் சொன்னது கண்ணாடிக்குப் போய்விட்டது, உங்கள் தந்தை உயிரோடு என் பக்கத்துக் கடையில் தேநீர் குடிக்கிறார் என்றேன்.

"எங்கள் குசினித் தரையில் அவர் செத்துக் கிடப்பார். கண்ணைத் திறந்தபடி. நான் எண்ண வேண்டும். நான் அழுதால்தான் கண் சிமிட்டுவார்," என்றாள். "இன்றைக்கு நான் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் பார்க்க அழுதேன். இனி அழமாட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள்." வைத்துவிட்டாள்.

நான் சொன்னேன். ஆர்ச்சி ஒன்றை மட்டும் கேட்டார். "அழுதாளா?" ஓம் என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

மோராக்கின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு எடுக்கிறேன், நாளைக்கு எடுக்கிறேன் என்றார். தேநீர்க் கடையில் என்னை மகளாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். "மோராக், நான்தான்," என்று மெதுவாக, உரத்து, இருமலோடு, இருமலில்லாமல் சொல்லிப் பார்த்தார். "அதுக்குப் பிறகு?" என்று கேட்டால் நிறுத்திவிடுவார். வாழ்நாளில் ஒரு வசனத்துக்கு மேல் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. அடுத்த வசனத்தை எழுதித் தா என்று என்னிடம் கேட்டார். செத்தவர்களுக்குத்தான் எனக்கு எழுத வரும் என்று சொல்லிவிட்டேன். எபினேயில் இருக்கும் என் மகனிடம் தொலைபேசியில் இரண்டாவது வசனம் சொல்ல எனக்கே தெரியாது. 'சாவா, பப்பா?' என்று பிரெஞ்சில் சுகம் கேட்பான். 'ஓம்' என்பேன். அதோடு முடிந்துவிடும்.

ஏப்ரல் மூன்றாம் திகதி ஆர்ச்சி தேநீருக்கு வரவில்லை. பதினொரு மணிக்குக் கட்டடக் காவலாளியைக் கூட்டிக்கொண்டு ஐந்து மாடி ஏறினேன். கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். காவலாளி உடனே வெளியே போய்த் தொலைபேசியை எடுத்தார். நான் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு விநாடி தாண்டியது. ஒரு நிமிடம் தாண்டியது. ஒன்றரை நிமிடத்தில் நானும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மோராக்குக்கு நான்தான் அறிவிக்க வேண்டும். இருபத்து மூன்று நாள் ஆகவிடக்கூடாது. உங்கள் தந்தை இறந்துவிட்டார் என்றேன்.

"இந்த முறை எத்தனை பிரதி அடித்தீர்கள்?" என்றாள்.

உண்மை என்றேன். போன முறையும் அப்படித்தான் இருந்தது என்றாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், டொக்டர் வந்து கடதாசி எழுதிக்கொண்டிருக்கிறார் என்றேன். அவர் நல்ல நடிகர் என்றாள். வைத்துவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வைத்தால் திரும்ப எடுக்கமாட்டாள், உரியவர் இல்லையென்று நகரசபைதான் அவரைக் கொண்டுபோகும். அப்போது அவளே கேட்டாள்.

"கண்?"

"மூடியிருக்கிறது."

"நீங்கள் மூடினீர்களா?"

"இல்லை. நாங்கள் வரும்போதே மூடித்தான் இருந்தது."

பிறகு, "வருகிறேன்," என்றாள்.

தகனத்துக்கு நம்மவர்கள் அதிகம் வரவில்லை. இரண்டாவது அறிவித்தலைப் பார்த்தவர்கள், இந்த ஆள் அப்பவே போனவர்தானே என்று நினைத்துவிட்டார்கள். குகன், கீரைப் பையோடு வந்த அந்தப் பெண், நான், என் மனைவி, மோராக். அவள் உயரமானவள், தந்தையின் தாடை. தகனம் முடிந்து அவளைக் கண்ணாடிக்குக் கூட்டிவந்தேன். இரண்டு அறிவித்தல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதே படம், வேறு வேறு திகதி. வாசிக்கச் சொன்னாள். ஸ்கொட்லாந்து ஸ்ரோர்னவேயைப் பிறப்பிடமாகவும் பாரிஸ் லா சப்பலை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். அவளுடைய பெயர் வந்த இடத்தில் அதற்கு அடுத்த சொல்லில் விரலை வைத்தாள். அதற்கு என்ன பொருள் என்று சொன்னேன். உங்கள் தந்தை அதை எடுக்கச் சொன்னார், கணினியில் இருப்பதால் விட்டுவிட்டோம் என்றும் சொன்னேன். இந்த வயதில் இனிப் பொய் சொல்ல எனக்கு நேரமில்லை.

"இருக்கட்டும்," என்றாள்.

சாம்பலை இரண்டாகப் பிரிக்க இந்த நாட்டுச் சட்டம் விடாது. முழுவதையும் அவள் தீவுக்குக் கொண்டுபோனாள். போவதற்கு முன் குகனிடம் கேட்டு, முதலாவது அறிவித்தலை, பிழையான திகதி உள்ளதை, நுனி கிழியாமல் உரித்தெடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். தான் அழுதது அதற்குத்தான் என்றாள். அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்தத் தீவில் ஒரேயொரு டொக்டர். சரியான திகதி உள்ளது இங்கே கண்ணாடியில் இருக்கிறது. அதில் உள்ள ஆளை அறிந்தவர் இந்தத் தெருவில் இனி அதிகம் இல்லை. ரயிலேறப் போகும் வழியில் அதன் முன் நிற்கிறேன். என்னுடைய அறிவித்தலில் பிறப்பிடம் என்ற இடத்துக்கு நான் யோசிக்க வேண்டியதில்லை. வதிவிடத்தில் லா கூர்னெவ் என்று போடுவதா லா சப்பல் என்று போடுவதா என்றுதான் இன்னும் முடிவு வரவில்லை. அதை எழுதப்போவது யார் என்பதும் தெரியவில்லை.

குகன் முதலாவதற்குக் காசு வாங்கவில்லை, அது தன் பிழையாம். இரண்டாவதற்கு அறுபது யூரோ. பூவளையம் முப்பத்தெட்டு. ஸ்கொட்லாந்துக்குத் தொலைபேசி ஏழு யூரோ நாற்பது சதம். மோராக்கும் நானும் குடித்த தேநீர் மூன்று யூரோ. அவள் பணப்பையைத் திறந்தாள், நான் விடவில்லை. ஆக மொத்தம் நூற்றெட்டு யூரோ நாற்பது சதம்.