மாமா திரும்பி வந்த இரண்டாம் பாகம்

என் தம்பிக்குக் கல்யாண வீடியோ எடுப்பது தொழில். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கேமரா சும்மா கிடக்கிறதே என்று ஒரு பேய்ப் படம் எடுத்து யூடியூபில் போட்டான். பன்னிரண்டு நிமிடம். ஓர் அக்காவையும் தம்பியையும் கொலைகாரன் ஒருவன் துரத்துகிறான்; கடைசியில் கொள்ளிடத்தில் மூழ்கிச் சாகிறான். அக்காவாக நான், தம்பியாக அவனே. கொலைகாரனாக நடித்தது எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. சிதம்பரத்துக்கும் குமராட்சிக்கும் ஓடும் மினி பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொங்குகிறவர்களைக்கூட அதட்டத் தெரியாமல் கெஞ்சி உள்ளே அழைக்கிற மனுஷர்.

படம் வந்த வாரமே அவர் பஸ்ஸில் ஒரு குழந்தை அவரைப் பார்த்துவிட்டு, இறங்கும் வரை அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமல் அழுதிருக்கிறது. மறுநாளே, படத்துக்காக வளர்த்த தாடியை மழித்துவிட்டார். இரண்டாம் பாகத்தில் செத்தவன் ஆற்றிலிருந்து எழுந்து வருகிறான் என்று தம்பி போய்ச் சொன்னபோது, தன்னை விட்டுவிடும்படி கையெடுத்துக் கும்பிட்டாராம்.

ஆனால் காலேஜ் பெண்கள் அவரை விடவில்லை. ஆற்றிலிருந்து எப்போது வெளியே வருவீர்கள் என்று தினமும் டிக்கெட் வாங்கும்போது கேட்டிருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. ஒரு காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"தாடி வளந்துடுச்சி. எப்ப வரணும்?" என்றார் மாமா.

நான் போட்ட சத்தத்தில் தம்பி பல் தேய்த்த வாயோடு ஓடி வந்தான். தோசை கருகிப் போனது.

முதுநகரில், தெரிந்தவர் ஒருவரின் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டில் படப்பிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடி, கதவிடுக்குகளில் போர்வையைத் திணித்துப் பகலை இரவாக்கினோம். ஃபேன் போட்டால் சத்தம் பதிவாகும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து என் நெற்றியில் காயம் வைத்தோம். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மாமா வெளியே போனார்.

கதைப்படி அவர் முன்கதவைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். தம்பி பயந்து பின்பக்கமாக ஓடிவிட, நான் தனியாக அவரை எதிர்கொள்வேன். கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டு, இருவரும் முன்கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடம் போயிற்று. கதவு அசையவே இல்லை. மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் யோசிக்கும்போது, முதுகுப் பக்கம் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

திரும்பினேன். ஈரத் தாடியும் வெறித்த கண்ணுமாக ஒரு முழ தூரத்தில் நின்றார். அவர் மாமா என்பதே எனக்கு மறந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். ஓட வேண்டிய தம்பி ஓடவில்லை. லைட் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் பாய்ந்து நின்றான்.

மாமாதான் முதலில் சிரித்தார். "முன்வாசல்ல வந்தா நீங்க ரெடியா இருப்பீங்களே, அதான் கொல்லப்பக்கமா வந்தேன்."

எனக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "நீ ஓடணும்னுதானடா எழுதியிருந்த?" என்றேன் தம்பியிடம்.

"தெரிலக்கா. காலு தானா முன்னால வந்துடுச்சி."

முகம் சிவந்து கேமராவைப் பார்க்கப் போனான். எல்லாம் பதிவாகியிருந்தது. மூவரும் தலையோடு தலை முட்டி, அந்தச் சின்னத் திரையில் ஏழெட்டு முறை பார்த்தோம். கதையை மாற்றுவது என்று அங்கேயே முடிவாயிற்று.

சிதம்பரத்தில் குறும்படங்கள் திரையிடும் நண்பர்கள் ஒரு மாடி அறையில் இரண்டாம் பாகத்தைப் போட்டார்கள். நாற்காலிகள் நிறைந்து சிலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா டிரிப் முடித்துக் காக்கிச் சட்டையோடே வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். திரையில் தண்ணீர் சொட்டியது. நான் திரும்பினேன். அறை முழுக்க ஒரே அலறல். மாமா என் மணிக்கட்டை நெரித்துவிட்டார்.

விளக்கு போட்டதும் கைதட்டல் அடங்கவில்லை. தம்பியைத் தேடினால் ஆளைக் காணோம். படியிறங்கி ஓடினேன். ரோட்டோரக் கரும்புச்சாறு வண்டியருகே, குடிக்காத டம்ளரைப் பிடித்தபடி நின்றிருந்தான். அந்தக் காட்சி வருமுன்பே, தாங்க முடியாமல் இறங்கி வந்துவிட்டானாம்.

"கத்துனாங்களாக்கா?"

"மாமாவே கத்துனாருடா" என்றேன்.