சகலை பூசிய சிவப்பு முள்

மீட்டர்காரர் தன் சகலைக்குப் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தார். மூன்று வருஷக் கடன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சாட்சி என்று சொன்னால் இரண்டு பேருடைய மனைவிமார்கள்தான். அவர்கள் அக்காளும் தங்கையும் என்பதால் அந்தச் சாட்சி எந்தப் பத்திரத்துக்கும் இளைத்ததில்லை.

கடன் கொடுத்தவன் வாசலில் நின்று கத்தியிருந்தால்கூட மீட்டர்காரர் மன்னித்திருப்பார். அவன் கேட்கவே இல்லை. ஒருமுறை இவரே ஐயாயிரத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, "இருக்கட்டும்ணே, உங்களுக்கு ஆயிரம் செலவு இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டான். அன்றைக்கு வயிற்றில் பற்றின நெருப்பு அணையவில்லை. கொடுத்தால் மொத்தமாகக் கொடுப்பது, அதையும் எண்ணிக் கொடுப்பது என்று வீம்பாக இருந்துவிட்டார்.

மீட்டர்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர். பள்ளிக்கூடம்தான் அவரை நிறுத்தியது என்று சொல்பவர்களுக்கு அவர்மேல் பொறாமை. கடிகாரக் கடையில் தரை கூட்டப் போனவர், கூட்டின குப்பையில் பொறுக்கிய பல்சக்கரங்களை வைத்தே ஒரு கடிகாரத்தை ஓட்டிக் காட்டினார். இன்றைக்குப் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும், ஸ்பீடாமீட்டர் முள் படுத்துக்கொண்டால் அவர் கடைக்குள் தலையைக் குனிந்துதான் வரவேண்டும். வாசல் அவ்வளவு தாழ்வு. உயர்த்திக் கட்டச் சொன்னவர்கள் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சகலை பெயிண்டர். பெட்ரோல் டேங்கில் கோடு இழுப்பவன். அவ்வளவுதானே? ஆனால் ஒரு வண்டி புதுசாகி வெளியே வந்து நின்றால் கூட்டம் முதலில் தடவிப் பார்ப்பது டேங்கைத்தான். "அடடா, கண்ணாடி மாதிரி இருக்கே, யார் பெயிண்ட்?" என்று கேட்கும். மீட்டரின் வளையத்தை விளிம்பு கிழியாமல் நெம்பித் திறந்து, உள்ளே இருக்கிற அறுபது துண்டுகளைக் கழுவி, மயிரைவிட மெல்லிசான சுருளை நிமிர்த்தி, முள்ளைச் சரியாகச் சைபரில் கொண்டுவந்து உட்கார வைத்த மனிதர் யார் என்று ஒரு பயலும் கேட்டதில்லை. சகலை கடைப் பக்கம் போய்விட்டு வந்தால் அவர் முகமே மாறிவிடும்.

"என்னங்க, பல்லு வலியா?" என்பாள் மனைவி.

"இல்ல."

"அப்ப தங்கச்சி வீட்டுக்காரர் கடைக்குப் போயிட்டு வந்திருக்கீங்க."

இப்படியிருக்கும்போதுதான் பல் டாக்டரம்மா வந்தாள். அவளிடம் அறுபது வயசுக்கு மேற்பட்ட ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. டேங்க் வேலையைச் சகலை முடித்திருந்தான். இரண்டு மீட்டர்கள் பாக்கி: ஒன்று வேகம் காட்டுவது, மற்றது என்ஜின் சுற்றைக் காட்டுவது. பழைய துணியில் சுற்றி மேஜையில் வைத்தாள்.

"இது ரெண்டும் நல்லா வந்துட்டா எங்க பழைய வண்டி கிளப்புல இன்னும் பதினாலு மீட்டர் இருக்கு. எல்லாத்தையும் உங்ககிட்டயே தந்துடறேன். ஒன்னுக்கு ஆயிரத்தி ஐநூறு, சரியா?"

மீட்டர்காரருக்குக் கணக்கு மின்னலாய் ஓடியது. இருபத்தோராயிரம். சகலையின் முகத்தில் பதினெட்டாயிரத்தை விட்டெறிந்தாலும் கையில் மூவாயிரம் மிஞ்சும்.

"நீங்க மெஷினை மட்டும் பாருங்க. டயலை அவரே எழுதிட்டாரு" என்றாள் டாக்டரம்மா.

"யாரு?"

"உங்க சகலைதான். டேங்குல அவர் எழுத்தைப் பாத்ததும் கொடுத்துட்டேன். வேகம் காட்டற முள்ளுக்குக்கூட அவரே சிவப்பு அடிச்சுட்டாரு."

முப்பது வருஷமாக டயலில் எண் எழுதுவது மீட்டர்காரர்தான். அந்த வேலையில் இன்னொருவன் மூக்கை நுழைத்திருக்கிறான், அதுவும் இவன். துணியைப் பிரித்தார். குறை சொல்ல ஒரு இடமாவது கிடைக்காதா என்று லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு தேடினார். எண்கள் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. இவர் எழுதுகிற எட்டுக்கு எப்போதும் தலை கொஞ்சம் பெருத்துவிடும். அவனுடைய எட்டு நின்ற நிலையே தனி. பார்க்கப் பார்க்க மீட்டர்காரருக்கு எரிச்சல் ஏறியது.

பிறகு முள்ளைப் பார்த்தார். எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

சிவப்பு பளபளத்தது. டேங்குக்குப் பூசுவதுபோல மூன்று பூச்சு, அதன்மேல் வார்னிஷ். பெயிண்டர் புத்தி! மீட்டர் முள் என்பது எடை பார்த்துச் செய்த பொருள். முன்பக்கம் எவ்வளவு கனமோ அதே கனத்துக்கு வால் பக்கமும் இருக்கவேண்டும். முனையில் ஒரு கடுகு அளவு பெயிண்ட் ஏறினாலும் போச்சு. மேஜையில் படுக்க வைத்தால் யோக்கியமாகக் காட்டும். வண்டியில் சாய்வாக மாட்டினால் கனமான முனை கீழே இழுக்கும்.

இதைச் சொல்லவேண்டியதுதானே? போனை எடுத்து, "சகலை, முள்ளுல பெயிண்ட் அதிகம்" என்று சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. மீட்டர்காரர் போன் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி ஓடட்டும். முள் கூத்தாடட்டும். டாக்டரம்மா ஓடி வருவாள். அப்போது லென்ஸைப் போட்டு, "ஐயோ, யார் இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்கலாம். பதினாலு டயலும் தானாக இந்த மேஜைக்கு வந்து சேரும்.

மெஷின் வேலையில் மட்டும் அவர் துரோகம் செய்யவில்லை. கழுவினார், எண்ணெய் வைத்தார், மேஜையில் இருந்த சோதனை மோட்டாரில் பூட்டி ஓட்டிப் பார்த்தார். அந்த மோட்டாரே சகலையின் பதினெட்டாயிரத்தில் வாங்கியதுதான். முள் முப்பதில் முப்பது, அறுபதில் அறுபது என்று நின்றது. வழக்கமாக அதற்குப் பிறகு மீட்டரைக் கையில் எடுத்து நாலு பக்கமும் சாய்த்துப் பார்ப்பார். அன்றைக்கு நேராக வளையத்தை மூடினார்.

டீ கொண்டுவந்த மனைவி நின்றாள். "என்னங்க, இன்னிக்கு சாய்ச்சுப் பாக்கலியே?"

"உனக்கு டீ போடற வேலை மட்டும்தான்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மீட்டர்களைக் கொடுத்தனுப்பிய நாலாம் நாள் டாக்டரம்மா வந்தாள். பின்னாலேயே சகலையும் வந்தான். தாழ்ந்த வாசலில் வழக்கம்போல நெற்றியை இடித்துக்கொண்டான்.

"என்னங்க மீட்டர் இது?" டாக்டரம்மா ஹெல்மெட்டை மேஜையில் வைத்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது. "அறுபது வரைக்கும் சோம்பேறி மாதிரி ஏறுது. உச்சியைத் தாண்டினதும் தொப்புனு எண்பதுல போய் விழுது. பள்ளத்துல இறங்கினா வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டுது. டேங்க் அருமை, டயல் அருமை. உங்க வேலைதான் சொதப்பல்!"

மீட்டர்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. முள் ஆடினால் ஊர் மீட்டர்காரனைத்தான் திட்டும் என்பது அவருடைய பெரிய மூளைக்கு எட்டாமல் போயிருந்தது.

"என் வேலையில குறை இல்ல டாக்டர். முள்ளுல பெயிண்ட் அதிகமாப் பூசிட்டாங்க. முனை பாரமாயிடுச்சு" என்றார்.

"பெயிண்டுக்கும் ஸ்பீடுக்கும் என்ன சம்பந்தம்? சரி, இருக்குன்னே வச்சுக்குவோம். முள் உங்க கைக்கு வந்தப்ப உங்களுக்குத் தெரியலையா?"

மீட்டர்காரர் லென்ஸை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் சகலை குறுக்கே வந்தான். 

"என் தப்புதான் டாக்டர். டேங்க்னு நினைச்சு அடிச்சுட்டேன். அண்ணனைக் கோவிச்சுக்காதீங்க. பாவம், அவருக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா சொல்லியிருப்பாருல்ல?"

தப்பித்துக்கொள்ள அருமையான வழி. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும்; சகலை பழியைச் சுமந்துகொண்டு போவான். ஆனால் அந்தப் 'பாவம்' மீட்டர்காரரைச் சுருக்கென்று தைத்தது. தெரிஞ்சிருக்காதாம்! முப்பது வருஷம் முள்ளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு முள்ளின் பாரம் தெரியாதாம்! அதை இவன் சொல்கிறான், டேங்குக்குப் பூசுகிறவன்!

"எனக்கா தெரியாது?" மேஜையில் ஒரு அடி அடித்தார். ஸ்குரூக்கள் துள்ளின. "துணியைப் பிரிச்ச நிமிஷமே தெரியும்யா! மூணு பூச்சு, மேல வார்னிஷ். எண்ணிச் சொல்லவா? எல்லாம் தெரிஞ்சுதான் மூடிக் கொடுத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. உள்ளே மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"ஏண்ணே?" என்றான் சகலை, மெதுவாக.

"உன்னோட எட்டு என்னோட எட்டைவிட நல்லா இருந்துச்சு. அதான்."

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொத்தைப் பல்லைப் பாத்துட்டு நான் பேசாம அனுப்பி வச்சா என்னை என்ன செய்வீங்க?" என்றாள். மீட்டர்காரர் மேஜையில் சிதறின ஸ்குரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். "பதினாலும் இன்னிக்கே வேற ஊருக்குப் போயிருக்கும். தெரியாம விட்ட ஆளா இருந்தா நிச்சயம் அனுப்பியிருப்பேன். தெரிஞ்சு விட்டீங்கன்னா வேலை தெரியும்னு அர்த்தம், அதனால ஒரு வாய்ப்பு தர்றேன். ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காந்து இதைச் சரிபண்ணுங்க. நான் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் சொல்றேன்."

மறுநாள் காலை சகலை தூரிகைகளோடு வந்தான். முள்ளைச் சுத்தமாகச் சுரண்டி, மேஜையில் ஒட்டாமல் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒரே பூச்சு. கை துளிகூட நடுங்கவில்லை. மீட்டர்காரர் பக்கத்தில் இருந்து பார்த்தார். பாவி, கையா அது, அளவுகோலா? பழைய எரிச்சல் பத்திரமாக அதே இடத்தில்தான் இருந்தது. காய்ந்ததும் முள்ளின் வாலில் ஈயத்தை ஒரு புள்ளி வைத்தார், அரத்தால் நாலு தடவை தேய்த்தார், நாலு பக்கமும் சாய்த்துக் காட்டினார். முள் அசையவில்லை.

"இதை எனக்கு நூறு வருஷம் ஆனாலும் பண்ண வராதுண்ணே" என்றான் சகலை. அவன் கண்ணிலும் அதே எரிச்சல் ஓரமாகக் கொஞ்சம் தெரிந்தது. அன்றைக்குத்தான் மீட்டர்காரர் டீயை ருசித்துக் குடித்தார். மனைவியிடம், "நல்லாப் போட்டிருக்கே" என்றும் சொன்னார். அவள் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள்.

டாக்டரம்மா ஓட்டிப் பார்த்தாள். பதினாலும் வந்தன. முடிய நாலு மாசம் ஆனது. டயல் எல்லாம் அவன், மெஷின் எல்லாம் இவர். டயலுக்கான கூலியை டாக்டரம்மா அவனுக்குத் தனியாகவே கொடுத்துவிட்டாள். இவருடைய இருபத்தோராயிரம் கைக்கு வந்த அன்றே மீட்டர்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு சகலையின் கடைக்கு நடந்தார்.

"வாங்கண்ணே. என்ன, திடீர்னு?"

"கையை நீட்டு."

சகலைக்குப் புரிந்துவிட்டது. "இருக்கட்டும்ணே, இப்ப என்ன அவசர..."

"கையை நீட்டுய்யா!"

நீட்டினான். ரேகைக்குள் எல்லாம் சிவப்பு ஏறிய உள்ளங்கை. மீட்டர்காரர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஐநூறு ஐநூறாக வைக்க ஆரம்பித்தார்.

"ஏண்ணே, அன்னிக்குத் தெரியாதுன்னே சொல்லியிருக்கலாமே? யாருக்குத் தெரியப் போகுது?"

"பேசாதே, எண்ணிக்கை தப்பும்" என்றார். முப்பத்து நாலு. முப்பத்தைந்து. கடைசி நோட்டை வைத்து அதன்மேல் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தினார்.

"முப்பத்தாறு."