பூலோகத்தின் சேம்புத் தொட்டிகள்

சீ, மனிதர்களா இவர்கள்! மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு குடித்தனம். எல்லாம் ஆபீஸ் உத்தியோகம், சலவை வேட்டி, வெள்ளிக்கிழமை தவறாத கோயில். படியேறும்போது வெற்றிலைச் சாற்றைத் துப்ப மட்டும் இவர்களுக்குப் பூலோகத்தின் செடித்தொட்டி வேண்டும்.

பூலோகம் எங்கள் காவல்காரர். நாங்குநேரிப் பக்கம், எங்கள் ஜில்லா. தாராவியில் தோல் பதனிடும் கொட்டகைக்குப் பின்னால் குடிசை. விடிகாலை ஐந்துக்கு வந்து தண்ணீர்ப் பம்பைப் போடுவார். பீடி கிடையாது, சினிமா கிடையாது. மாடிப்படிக்கு அடியில், வெயில் எட்டாத மூலையில், பன்னிரண்டு தொட்டிகளில் வண்ணச் சேம்பு வளர்த்தார், அவ்வளவுதான். பூ ஒரு பொருட்டில்லை, இலைதான் அழகு. நடுவில் ரத்தச் சிவப்பு, சிலதில் பால் வெள்ளை, ஓரம் மட்டும் பச்சை. தாதரில் ஏதோ பங்களாக் குப்பையில் கிடந்த ஒற்றைக் கிழங்கை எடுத்து வந்து ஒன்பது வருஷத்தில் பெருக்கியிருந்தார்.

தபேலா என்கிற மாட்டுக் கொட்டிலிலிருந்து எருமைச் சாணம் கொண்டுவந்து காயவைத்து, மக்கிய இலையும் மணலும் கலப்பார். வெயில் பட்டால் இலை தீய்ந்துவிடும், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். வெளிச்சத்தைப் பார்த்து ஒரே பக்கம் சாயாமலிருக்கத் தினமும் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். இலையைத் துடைக்கும்போது அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொள்வார்.

மார்கழி வந்தால் இலையெல்லாம் வதங்கி விழுந்துவிடும். அந்தச் செடியின் சுபாவம் அது. 1964 மார்கழியில், வெறும் மண்ணைக் கண்டதும் எங்கள் கனவான்களுக்குக் கொண்டாட்டம். எச்சில், பீடித்துண்டு, காப்பி மண்டி, சீப்பிலிருந்து உருவிய மயிர்ச் சுருள். ஒருநாள் யாரோ கால் நகத்தை வெட்டிக் காகிதத்தில் மடித்துப் போட்டிருந்தார்கள். பூலோகம் அதையெல்லாம் விரலால் பொறுக்கினார்.

துப்புகிறவர்களை விட்டுவிட்டுச் செக்ரட்டரி சுந்தரராமன் அவரிடம்தான் பாய்ந்தார்.

"செத்த செடியை வச்சுண்டு கட்டடத்தையே நாறடிக்கறீரே!"

"சாகலை சாமி, தூங்குது. கோடையில எந்திரிச்சிரும்."

"மே மாசம் பொறக்கறச்சே இலை நிக்கணும். இல்லேன்னா அத்தனை தொட்டியும் குப்பைக்குத்தான்."

அன்று சாயங்காலமே பூலோகம் கிழங்குகளைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, ஒரு சாக்குப்பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, இங்கன எலித் தொல்லை, எங்க குடிசையில ஒரே ஓதம், கெழங்கு அழுகிரும். உங்க அடுக்களைப் பரண்ல ஒரு மூலையில கெடக்கட்டும். பங்குனிக் கடைசியில வந்து வாங்கிக்கிடுதேன்."

நானே வாங்கி வைத்தேன். என் மனைவி கோமதியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து அவள் அண்ணன் வானமாமலை வந்திருந்தார். கருணைக்கிழங்குப் புளிக்குழம்பு. முதல் வாயிலேயே நாக்கில் ஊசி குத்தியது.

"என்னட்டி, இப்படி அரிக்கி?"

"கருணைன்னா அரிக்கத்தான செய்யும்? புளி பத்தலை. செத்த இருங்க."

எலுமிச்சம்பழம் அளவு புளியைக் கரைத்து விட்டு மறுபடி கொதிக்கவைத்தாள். புளியைக் கூட்டினால் கருணையின் அரிப்பு அடங்கும் என்பதில் எங்கள் ஜில்லாக்காரன் எவனுக்கும் சந்தேகமே வராது. அந்த நம்பிக்கையில் மூன்று பேரும் மறுபடி தின்றோம். மச்சான் கேட்டு வாங்கித் தின்றார். கால் மணி நேரத்தில் அவர் உதடு தடித்துத் தொங்கியது. கொழகொழவென்று எச்சில் இலையிலேயே ஒழுகியது. கர்மம்!

"எந்தக் கடையிலட்டி வாங்கின?" என்று குழறினேன்.

"நான் எங்க வாங்கினேன்? பரண்ல சாக்குப்பையில கெடந்துச்சே, நீங்க வாங்கிப் போட்டதுதான?"

ஒன்றுகூட மிச்சமில்லை. இரண்டு நாள் மூன்று பேரும் மோரைக் குடித்துக்கொண்டு கிடந்தோம்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். பூலோகத்திடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. தாதர் மார்க்கெட்டுக்குப் போய் அதே அளவில் கருணைக்கிழங்கு வாங்கி, மண்ணில் புரட்டி, அதே பையில் போட்டு, அதே மூலையில் வைத்தேன். காவல்காரனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். துப்புகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பங்குனிக் கடைசியில் பூலோகம் வந்தார். பன்னிரண்டு தொட்டிக்கும் புது மண் கலந்து வைத்திருந்தார். படியில் உட்கார்ந்து பையை அவிழ்த்தார். ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறினார். மோந்து பார்த்தார். இன்னொன்றையும் கீறினார். நான் கையிலிருந்த பேப்பரைப் படிப்பதுபோல நின்றேன்.

"அண்ணாச்சி, இது கறிக்கு வாங்குத கருணைல்லா?"

"எலி..." என்று ஆரம்பித்தேன்.

முடிக்க விடவில்லை. எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டதே கிடையாது.

"அது வெசம் அண்ணாச்சி! தின்னா தொண்டையே வீங்கிரும். அக்கா தின்னாகளா? பச்சப்புள்ளைக யாரும் தின்னுச்சா? மறைக்காதீக, வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் கையை விட்டார். அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.