காவி காயட்டும் என்று காத்திருந்தேன்

என் மனைவிக்கு வலது கண்ணில் இப்போது எல்லாமே புகைமூட்டமாகத்தான் தெரிகிறது. அதற்குக் காரணம் அவளுடைய தம்பி என்று கொழிஞ்சாம்பாறையில் எங்கள் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பல மாதங்கள் நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். உண்மையில் காரணம் நான்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்துவதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. செய்தித்தாளில் ஒரு நோயின் பெயரைப் பார்த்துவிட்டால் சமையலறை வரைக்கும் போய் அதை விளக்கிவிட்டுத்தான் திரும்புவேன். என் மனைவி அப்போதெல்லாம் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

சென்ற ஆண்டு மழை ஓய்கிற சமயத்தில் அவளுக்கு நெற்றியின் வலது பக்கம் மட்டும் எரிய ஆரம்பித்தது. மறுநாள் காலையில் புருவத்துக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள். மூக்கு நுனியில் ஒன்று. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கி. சிறுவயதில் அவளுக்குச் சின்னம்மை போட்டிருந்தது. அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புச் செல்லின் உட்கருவுக்குள் சத்தமில்லாமல் படுத்துக் கிடந்து, வயதான காலத்தில் எழுந்து வரும்.

அன்று மாட்டுத் தீவனம் இறக்க வந்த மைத்துனர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அக்கி. ஆளக் கூட்டியாறேன், எழுதிப் போட்டாச் செரியாயிரும்" என்றார். எங்கள் பக்கத்தில் அக்கிக்கு வைத்தியம் அதுதான். மண்பாண்டம் செய்கிறவர்களில் ஒருவர் வந்து, செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் சிங்க உருவம் எழுதுவார். அது காய்ந்து உதிரும்போது அக்கியும் உதிரும் என்று நம்பிக்கை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மாப்ள, இது வைரஸ். காவிக்கெல்லாம் பயப்படாது."

"வைரஸ்னா சளி, காச்சலுங்க மாமா. நெத்தியில எப்புடி வரும்?"

அத்துடன் விட்டிருக்கலாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பால் சொசைட்டியில் தினமும் பால் ஊற்றுகிறவர் என்பதால் அதிலிருந்தே ஆரம்பித்தேன். செல்லின் நடுவில் உட்கரு இருக்கிறது. அதற்குச் சுவர் உண்டு, சுவரில் துளைகள் உண்டு. பெரிய புரதம் எதுவும் தானாக அந்தத் துளை வழியே நுழைய முடியாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க செல்லிடம் சொந்தமாகவே சுமக்கும் புரதங்கள் இருக்கின்றன. சொசைட்டி வண்டி மாதிரி. வண்டிக்காரன் கேனைத் திறந்து பார்ப்பதில்லை. சொசைட்டி அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறான். இருந்தால் ஏற்றிக்கொண்டு போய் உள்ளே இறக்கிவிட்டு, காலி வண்டியோடு அடுத்த நடைக்கு வருகிறான். வைரஸின் புரதங்கள் உட்கருவுக்கு வெளியேதான் தயாராகின்றன. ஆனால் அவற்றின் உடலில் அந்த அடையாளத்தைப் போலவே ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. செல் அதைத் தன் சொந்தச் சரக்கு என்று நம்பி, தன் செலவில், தன் வண்டியில் ஏற்றி உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் அவை புதிய வைரஸ்களைக் கட்டத் தொடங்குகின்றன.

மைத்துனர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு, "அப்ப அடையாளம் இருந்தாப் போதும், கேனுக்குள்ள தண்ணியா இருந்தாலும் வண்டி தூக்கீட்டுப் போயிருமுங்களா?"

"போயிரும்."

"அப்ப எங்க சொசைட்டில பாதிப்பேரு வைரஸ்தானுங்க மாமா."

என் மனைவி நெற்றியில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள். "எனக்கு நெத்தி பத்தி எரியுது. நீங்க ரெண்டு பேரும் பால் வண்டி ஓட்டீட்டு இருக்கறீங்க."

நான் நிறுத்தவில்லை. செல் எவ்வளவு ஏமாளி, அந்த அடையாளத் துண்டு எவ்வளவு சிறியது என்று போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "எங்கப்பனுக்கு எழுதித்தானுங்க போச்சு. அவரு காலேசுக்கே போகலீங்க."

மனைவி சிரித்துவிட்டாள். அவ்வளவு எரிச்சலிலும் சிரித்தாள்.

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வைரஸுக்கு மாத்திரை இருக்கிறது. உட்கருவுக்குள் வைரஸ் தன்னைப் படியெடுக்கும் வேலையை அது தடுக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் ஆபத்து இருக்கலாம். இவ்வளவும் எனக்கு அன்று தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும், "சரி, எழுதுங்க. காவி காயட்டும். யாரு சொன்னது செரின்னு அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

எழுதுகிறவர் வந்து எழுதிவிட்டுப் போனார். எனக்கு அது சிங்கமாகத் தெரியவில்லை, பூனையாகத் தெரிந்தது. அதையும் சொன்னேன். தினமும் காலையில் அவளுடைய முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பேன். புதிதாக ஒரு கொப்புளம் கண்டால் எனக்குள்ளே ஒரு திருப்தி. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. மைத்துனருக்குப் போன் போட்டு, "என்ன மாப்ள, உங்க சிங்கம் தூங்குது போல?" என்று கேட்பேன். அவர் பாவம், "காயட்டுமுங்க மாமா" என்பார். அவர் நம்பிக் காத்திருந்தார். நான் நம்பாமல் காத்திருந்தேன்.

பிறகு ஒரு காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டாலே அலறினாள். கார் பிடித்துக் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன், பிறகு இன்னொரு டோக்கன், லிஃப்ட் வேலை செய்யவில்லை, மாடிப்படி. வழியில் எல்லோரும் அவள் நெற்றியில் பாதி உதிர்ந்த காவியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பட்டிக்காட்டுக் கிழவன் என்று நினைத்திருப்பார்கள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. அந்த நிலையிலும்!

டாக்டர் என் பேத்தி வயதுப் பெண். மனைவியை மருந்து விட அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, "ஏன் சார் இவ்வளவு லேட்டா வந்தீங்க? முதல்லயே மாத்திரை ஆரம்பிச்சிருக்கணுமே" என்றார்.

நான் பட்டிக்காட்டான் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. வைரஸின் பெயரைச் சொன்னேன். அது உட்கருவுக்குள் எப்படிப் போகிறது, மாத்திரை எந்த வேலையைத் தடுக்கிறது, எந்த நாளுக்குப் பிறகு பலன் குறையும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவும் தெரிஞ்சுமா சார் வீட்ல வெச்சிருந்தீங்க?"

மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். கொப்புளங்கள் ஆறின. கருவிழியில் தழும்பு விழுந்தது விழுந்ததுதான்.

அடுத்த அறையில் இருந்த மனைவிக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் தம்பியை வீட்டுப் பக்கம் வராதே என்றாள். அவர் இளநீரும் முருங்கைக்காயும் கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். "எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்பாள். அதைப் போய்ச் சொல்லுகிறவன் நான். "நான்தானுங்க மாமா அக்கா கண்ணக் கெடுத்துப்போட்டேன்" என்று அவர் கண் கலங்குவார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்புவேன்!

சொந்தத்தில் ஒரு காது குத்து. பந்தியில் மைத்துனர் உட்காரும்போது யாரோ, "கண்ணு வைத்தியர் வந்துட்டாருங்க, நல்லாக் கவனிங்க" என்றார்கள். வரிசையே சிரித்தது. அவர் தலையைக் குனிந்து இலையைப் பார்த்தபடி இருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். எதிர் வரிசையில் இருந்த நானும் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவியிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை இருந்ததைச் சொன்னேன், எனக்கு அது தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புடவை மாற்றி, விளக்குப் போட்ட பிறகுதான் பேசினாள்.

"அவன் தெரியாமப் பண்ணுனான். அவன ஊட்டுப் பக்கம் வராதேன்னேன். உங்கள எங்கீங்க அனுப்பறது?"

கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவளே தொடர்ந்தாள்.

"போயி அவங்கிட்டச் சொல்லுங்க. கத கிதையெல்லாம் வேண்டாம்."

மறுநாள் மைத்துனரின் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். அவர் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். முடித்ததும் அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, புரியவில்லை என்பதுபோலத்தான் பார்த்தார்.

"அன்னிக்கு அத்தன நேரம் பாடம் நடத்துனீங்க மாமா. மாத்தர இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே டவுனுக்குப் போயி வாங்கியாந்திருப்பனுங்களே. எழுதறதயும் எழுதி, மாத்தரயும் போட்டிருக்கலாமுங்களே."

இரண்டையும் செய்திருக்கலாம் என்று இத்தனை படித்த எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. என் மனத்தில் அன்று இரண்டு பக்கம் மட்டுமே இருந்தது. அவளுடைய கண் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மைத்துனர் இப்போது வந்து போகிறார். பரிசோதனைக்கு அக்காவை அவர்தான் கூட்டிப் போகிறார். நான் வருகிறேன் என்றால், வேண்டாம் என்கிறாள். வீட்டில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது மட்டும் என் வேலை. நேற்று மாலை இமையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த மருந்து எதற்கென்றால் என்று ஆரம்பித்தேன். அவள் தலையை அசைக்காமல் சொன்னாள்.

"பேசாம ஊத்துங்க."

ஊற்றினேன்.