புஜைராவில் தனியாக நடக்கும் சிறுமி

துபாய் டாக்ஸிக்காகப் புஜைராவில் நிற்கிறேன். மதிய வெயிலில், முதுகில் சிவப்புத் தோல் பையுடன் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தனியாக நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஊர்ந்து வருகிறது. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி இந்தியில் அதட்டுகிறேன். என் இந்தியைக் கேட்டதுமே ஓட்டுநர் தமிழில் பதில் சொல்கிறார்.

“ஜப்பான்காரவுக பிள்ளைண்ணே. அவுக ஊர்ல பிள்ளைக தனியாத்தான் பள்ளிக்கூடம் போகுமாம். தெருமுனையில இறக்கி விட்டுருன்னு மேடம் சொல்றாக. பின்னாடியே போன்னு சார் சொல்றாரு. யாரு பேச்சைக் கேக்குறதுன்னே தெரியல.”

சிறுமி கையை உயர்த்திச் சாலையைக் கடக்கிறாள். ஒரு தண்ணீர் லாரி நிற்கிறது. கடந்ததும் திரும்பி அதற்குக் குனிந்து வணக்கம் சொல்கிறாள். லாரிக்காரர் திகைத்துப்போய் சலாம் வைக்கிறார்.

எதிர்வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்தவள் உள்ளே பார்த்து என்னவோ கத்துகிறாள்.

“உள்ளே யார் இருக்காங்க?”

“யாருமில்லண்ணே. மேடம் தம்பியைக் கூட்டியார போயிருக்காக, இப்ப வந்துருவாக. அது கத்துனதுக்கு ‘வந்துட்டேன்’னு அர்த்தமாம். ஆளில்லாட்டியும் தினம் சொல்லுது.”

யாரிடம் சொல்கிறாள்? எனக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் அவர் அந்தக் கதவைப் பார்த்து, அவளுக்குக் கேட்காத குரலில் சொல்கிறார்:

“வா தாயி.”